விடாமுயற்சியா, பிடிவாதமா?

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொல்லும் நம் மக்களே, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றும் நகைக்கிறார்கள். முன்னது விடாமுயற்சிக்குப் பாராட்டு. பின்னது பிடிவாதத்திற்குக் கேலி. வெளியே நின்று பார்ப்பவருக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவர் தம்மிடம் இருப்பது எது என்று எவ்வாறு அறிவார்?

இங்கிலாந்தின் ஜேம்ஸ் டைசன், தூசி உறிஞ்சும் இயந்திரம் விரைவில் வலுவிழப்பதை 1970களின் இறுதியில் கண்டார். உள்ளிருந்த பையின் நுண்துளைகளைத் தூசி அடைத்துக்கொண்டதே காரணம். மரம் அறுக்கும் ஆலைகளில் சுழற்காற்று மரத்தூளைப் பிரித்தெடுக்கும். அம்முறையைச் சிறிதாக்கி இயந்திரத்துக்குள் அமைக்க முனைந்தார். ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் 5,126 மாதிரிகள் தவறின, 5,127ஆவது பயன்பட்டது. அப்போதும் பெரிய நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. மாற்றுப் பைகளை விற்பதில் அவற்றுக்கு நல்ல வருவாய் இருந்தது! சொந்த நிறுவனத்தின் முதல் இயந்திரத்தை அவர் விற்பனைக்குக் கொணர்ந்தது 1993இல்.

மேடைகளில் இக்கதையைச் சொல்வோர் அந்த எண்ணோடு நிறுத்திவிடுகின்றனர். எனக்கோ அவ்வீட்டின் அடுப்பே நினைவுக்கு வருகிறது. கடன் ஏறிக்கொண்டிருந்த அந்நாள்களில் ஓவியம் கற்பித்துக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர் மனைவி டெய்ட்ரி. இயந்திரம் இறுதிவரை இயங்காதிருந்தால், அதே உழைப்பை நாம் பிடிவாதம் என்றன்றோ சொல்லியிருப்போம்?

புனித தாமஸ் அக்குவினாஸ் நிலைத்து நிற்கும் பண்பை ஆராய்கையில், அதன் இருபுறமும் குறைகளைக் காண்கிறார்: துன்பம் கண்டதும் விட்டுவிடும் மென்மை ஒருபுறம், அளவு மீறிப் பற்றிக்கொள்ளும் பிடிவாதம் மறுபுறம். டைசன் ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தார். ஆகவே ஒவ்வொரு தவறும் அவருக்கு ஏதோ ஒன்றைக் கற்பித்தது. பிடிவாதக்காரர் எதையும் மாற்றுவதில்லை.

அதே டைசன் 2019இல் தம் மின்சாரக் கார்த் திட்டத்தைக் கைவிட்டார். கார் உருவாகியிருந்தது, இலாபத்தோடு விற்க வழியில்லை. சொந்தப் பணம் 50 கோடி பவுண்டு செலவாகியிருந்ததாக அவரே கூறினார். பெருஞ்செல்வராகிவிட்ட அவருக்கு அந்த இழப்பைத் தாங்க முடிந்தது. மனைவியின் நகையை அடகு வைத்துத் தொழில் தொடங்கியவர் நிலை வேறு. அவர் நிறுத்தும் நாளில்தான் கடன்காரர் வாசலுக்கு வருவார். அதற்கு அஞ்சியே, நிறுத்த வேண்டிய நாள் கடந்த பின்னும் அவர் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்; நாமும் அவருடைய விடாமுயற்சியைப் புகழ்ந்துவிட்டு நம் வழியே போகிறோம்.