மழை யாருக்கு அழகு?

இயற்கை எழிலைக் கண்டு மகிழ்வதில் அறம் பற்றிய வினாவுக்கு இடமுண்டோ? மலரைக் கண்டு மகிழ்பவன் எவர்க்கும் தீங்கு செய்வதில்லை. மழையில் நனைந்து களிப்பவனும் அத்தகையவனே. ஆயினும், நெடுவழி செல்லும் ஒரு மோட்டார் சைக்கிள் பயணம் இவ்வினாவை எழுப்பவே செய்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேமரன் மலைக்குப் புறப்படும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். 1994இல் முழுமை பெற்ற வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை விடுத்து, ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர் எனப் பழைய சாலை வழியே சென்று, தாப்பாவில் திரும்பி மலையேறுகிறான் அவன். ஏறத்தாழ 200 கிலோமீட்டர்! காரில் செல்வோனுக்கு மழை கண்ணாடிக்கு அப்பால் நிகழும் காட்சி. இவனுக்கோ அது மேனியில் விழும் மெய்ம்மை. தித்திவங்சா மலைத்தொடர் முகிலுக்குள் மறைவதும், மண்மணம் எழுவதும், சாலையோரப் பசுமை கழுவி வைத்தாற்போல் ஒளிர்வதும் அவன் உள்ளத்தை நிறைக்கின்றன. அவ்வின்பம் பொய்யன்று.

அச்சாலையின் இருமருங்கிலும் ஒரு காலத்தில் பால்மரங்கள் செறிந்திருந்தன. இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கும் குடியிருப்புகளுக்கும் இடம் தந்துவிட்டன. அங்கே பால் வெட்டிய தமிழர் மழையை வேறு கண்கொண்டு நோக்கினர். பால் நன்கு சுரப்பது வைகறையில். ஆதலின் இருள் பிரியுமுன் நிரையில் நின்றாக வேண்டும். பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாது மரமெங்கும் பரவி வழியும். மங்கில் சேர்ந்த பாலிலும் மழைநீர் கலக்கும். மழை நீடித்தால் வெட்டு நின்றது; வெட்டு நின்றால் வருமானம் குன்றியது. வழிப்போக்கனுக்கு எழிலாய்த் தோன்றிய அதே முகில், லயத்து வாசலில் நின்ற தாய்க்குக் கவலையாய்த் தோன்றியது.

அதற்காகக் காண்பவன் மகிழலாகாதா எனச் சிலர் வினவலாம். மகிழலாம். ஒருவர் துன்புறும்வரை மற்றவர் புன்னகைத்தல் தகாது என்றால், உலகில் துயரம் பெருகுமேயன்றிக் குறையாது. மேலும், அழகுணர்ச்சி பயணிக்கு மட்டும் உரியதன்று. மழை ஓய்ந்த மாலையில் மலையை நோக்கி நின்ற தோட்டத் தொழிலாளிக்கும் அது உண்டு.

பிழை மகிழ்ச்சியில் இல்லை, மறதியில் இருக்கிறது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை கொட்டும் மாலைப்பொழுதில் இதனைக் காணலாம். பாலத்தடியில் மோட்டார் சைக்கிளோட்டிகள் ஒதுங்கி நிற்கின்றனர். உல்லாசப் பயணம் முடித்துத் திரும்புவோன் அங்கு நிற்கிறான். இரவு வேலைக்கு நேரமாகிறதே எனத் தவிக்கும் ஆலைத் தொழிலாளியும் நிற்கிறான். உணவுப் பொதியை உரிய நேரத்தில் சேர்க்க வேண்டியவனும் நிற்கிறான். மூவர் மீதும் விழுந்தது ஒரே மழைதான். ஆனால் ஒருவன் நனைய விரும்பியவன். மற்ற இருவரும் நனைய நேர்ந்தவர்கள். இவ்வேறுபாட்டை உணர்வதே அறத்தின் முதற்படி.

தமிழர் இதனை முன்பே அறிந்திருந்தனர். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அத்துடன் அமையாது, அந்நிலத்து மக்களின் தொழிலையும் கருப்பொருளுள் வைத்தது. மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருளாக்கியது. மனிதரை நீக்கிய வெறும் காட்சியாக நிலத்தை நோக்குவது அம்மரபன்று.

அவ்விளைஞன் மலைமேல் சென்று, நடுங்கும் கைகளால் தேநீர்க் கோப்பையை ஏந்துகிறான். எதிர்ச் சரிவில், நெகிழித்தாளைப் போர்த்துக்கொண்டு, கடல்கடந்து வந்த தொழிலாளர்கள் தூறலிலும் கொழுந்தெடுக்கின்றனர். ஒருகாலத்தில் அவ்வாறு கடல்கடந்து வந்தோர் அவனுடைய முன்னோர். தேநீரின் சூட்டை அவன் சுவைக்கட்டும். சரிவின் பசுமையையும் கண்ணாரக் காணட்டும். அப்பசுமைக்குள் குனிந்து நிற்கும் முதுகுகளையும் சேர்த்துக் காண்பானாயின், அவன் மலையை முழுமையாகக் கண்டவனாவான். இறங்கி வரும் வழியில், தேங்கிய நீருக்கருகே ஒருவர் நடந்து செல்வதைக் கண்டு அவன் கை தானே வேகத்தைக் குறைக்குமாயின், அப்பயணம் வீண்போகவில்லை.