திருஆவினன்குடி நெல்லியும் நம்ம காத்திருப்பும் 🦚

ஓம் சரவணபவ!

"அண்ணா, ஆறு மாசமா சஷ்டி விரதம் இருக்கேன். வேலை இன்னும் கிடைக்கல. முருகன் காதுல விழுதா இல்லையா?" இப்படி வாரம் ஒரு மெசேஜாவது எனக்கு வருது. பதிலுக்கு ஒரு மரத்தைக் காட்டுறேன்.

பழனி அடிவாரத்தில், மூன்றாம் படைவீடான திருஆவினன்குடியின் தல விருட்சம் நெல்லி. பெரிய மரமில்லை, பொடிப்பொடி இலை. காயைக் கையில் எடுத்துப் பாருங்கள், மேலிருந்து கீழாக ஆறு கோடு. ஆறுமுகன் கோயிலுக்கு ஏற்ற மரம்தான்!

வட இந்தியாவில் நெல்லி அதிகம் விளையும் இடம் உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கட். அங்கே மார்ச், ஏப்ரலில் பூக்கும். பிஞ்சு பிடித்ததும் வளர்ச்சி நின்றுவிடும். கோடை முழுக்க அப்படியே உறங்கும். பார்க்கிறவனுக்கு மரத்தில் ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும். மழை வந்த பிறகுதான் பிஞ்சு பருக்கத் தொடங்கும். நவம்பர் வாக்கில் அறுவடை. வெயிலில் அது சாகவில்லை, காத்திருந்தது. நம்ம வேண்டுதலும் சில சமயம் இப்படித்தான்.

ஆனா ஒண்ணு, எல்லாப் பூவும் காயாகாது. நெல்லியில் ஆண் பூக்களே அதிகம், அவை உதிர்ந்துவிடும். அம்மா பிழைக்கணும்னு நான் வேண்டினேன். நடக்கல. ஏன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் கந்தனைக் கூப்பிட்டு அழ முடிஞ்சதே, அதுதான் என்னை நிமிர்த்தி வச்சது. கேட்டது கிடைக்காதபோதும் அவன் கூட இருந்தான். இதை நான் அனுபவிச்சுச் சொல்றேன்.

இன்னொண்ணும் கேளுங்க. நெல்லி தனி மரமா நின்னா சரியா காய்க்காது. அதனால விவசாயிகள் பக்கத்திலேயே வேறு ரக நெல்லியையும் நடுவாங்க. நீங்களும் தனியா காத்திருக்காதீங்க. மனசு கனமா இருந்தா அம்மா, அப்பா, நண்பர்னு யாரிடமாவது வாய்விட்டுப் பேசுங்க. விரதமும் இருங்க, விண்ணப்பமும் போடுங்க.

இன்று ஒரு நெல்லிக்காய் தின்னு தண்ணீர் குடிங்க. முதலில் புளிக்கும், துவர்க்கும். பிறகு வெறும் தண்ணீரே இனிக்கும். அந்த இனிப்பில் ஒருமுறை 'முருகா' சொல்லுங்க.

காத்திருக்கும் ஒருவருக்கு இதைப் பகிருங்கள்.

வேலும் மயிலும் துணை. பழனியாண்டவருக்கு அரோகரா! 🙏