வடக்கே தள்ளப்படும் கடல்

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீனவர்கள் மறியல் என்ற செய்தி நமக்குப் பழகிப்போய்விட்டது. கடல் வாசலுக்கு வந்துவிட்டது, கடலுக்குள் கல்லை நீட்டித் தூண்டில் வளைவு போட்டுக் கொடுங்கள் என்பது கோரிக்கை. கல் கொட்டியதும் அந்த ஊர் அடங்கும். சில பருவங்கள் கழித்து அதற்கு வடக்கே உள்ள ஊர் சாலைக்கு வரும். தன் கரையைக் காக்க அடுத்த ஊரின் கரையைக் கடலுக்குக் கொடுக்கலாமா? கூடாது. அதற்கு அரசே கல் ஏற்றி வருவது இன்னும் பெரிய அநீதி.

கரை மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் அதை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழையின்போது ஓரளவு தெற்கே திரும்புகிறது. குறுக்கே கல்லை நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1876-இல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கிய பிறகு மெரினா அகன்றது, ராயபுரம் கரையை இழந்தது. நாம் காற்று வாங்கும் மணல்வெளியில் வடசென்னையின் பங்கும் கிடக்கிறது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. நகரின் மணற்கரை போய்க் கருங்கல் கரை வந்தது. அரிப்போ மாநில எல்லையையும் தாண்டித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஏறியது. கடல் தின்ற கரையில் தென்னைகள் வேர் தெரியச் சாய்ந்து நிற்கின்றன. ஃபைபர் படகை இழுத்துப் போடவும் கருவாடு காயவைக்கவும் இருந்த திடல் போய்விட்டது.

தனக்குத் துன்பம் எது என்று பட்டு அறிந்தவன் அதையே பிறருக்கு ஏன் செய்கிறான் என்று வள்ளுவர் ‘இன்னா செய்யாமை’யில் கேட்கிறார். கரையை இழந்த ஊரைவிட இந்தக் கேள்வி வேறு யாருக்குப் பொருந்தும்? ஈட்டுவதும் காப்பதும் மட்டுமல்ல, முறையாக வகுத்துக் கொடுப்பதும் அரசின் வேலை என்கிறது அவருடைய ‘இறைமாட்சி’ அதிகாரம். மணலும் அப்படி வகுக்க வேண்டிய செல்வம்தான். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைப் பாண்டியன் அவையில் கண்ணகி நினைவூட்டுகிறாள். தன் மகன் என்று அவன் பார்க்கவில்லை; தன் துறைமுகம் என்று அரசு பார்க்கலாமா?

வீடு இடிந்து விழுகிறவரிடம் பொறுமையைப் போதிக்க முடியாது, உண்மைதான். அவருக்கு உடனே பாதுகாப்பான இடமும் இழப்பீடும் தரவேண்டும். அதற்காக அடுத்தவர் வீட்டை இடிக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது.

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அந்த வேகமும் கூடிவருகிறது. ஊருக்கு ஊர் கல் போட்டுக் கொண்டே போனால் கடைசி ஊருக்கு என்ன பதில் சொல்வது? விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலைக் கடற்கரைக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். தடுத்த மணலை வடக்கே சேர்ப்பது துறைமுகம் கட்டியவர்களின் கடன்; அதை ஒவ்வோர் ஆண்டும் தீர்க்க வேண்டும். கல் கேட்கும் ஊரையும் அதற்கு வடக்கே உள்ள ஊரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்துப் பேசாமல் இனி எந்தக் கரையிலும் ஒரு லாரி கல்கூட இறங்கக் கூடாது.