காரணம் தெரியாத தலைவலி

விருத்தாசலம் பக்கம் செராமிக் பொம்மை வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும். சரியாக வேகாத பொம்மை சூளையிலிருந்து வரும்போது பளபளன்னுதான் இருக்கும். உள்ளே இருக்கும் மண் காற்றின் ஈரத்தைக் குடித்து மெதுவாக உப்பும். பல மாதம் கழித்து மேல்பூச்சில் நூல் நூலாக விரிசல் விழும். நாம் பிள்ளையைத்தான் திட்டுவோம், "கீழ போட்டியா?"

1950இல் ஜோகன்னஸ்பர்க் மருத்துவர் க்ரைனாவ், ஒரு பக்கம் செயலிழந்த குழந்தைகளுக்கு மூளையின் பழுதான பாதியை எடுத்த அனுபவத்தை எழுதினார். பலருக்கு வலிப்பு நின்றது. மற்ற நாடுகளிலும் அதே அறுவை சிகிச்சையைச் செய்தார்கள். வருஷங்கள் கழித்து, நன்றாக இருந்த சில பிள்ளைகள் காரணமே தெரியாமல் சரியத் தொடங்கினார்கள். தலைவலி, மந்தம், சிலருக்கு மரணம். 1966இல்தான் ஓப்பன்ஹைமரும் கிரிஃபித்தும் விளக்கினார்கள்: காலியான இடத்தில் ரத்தம் துளித்துளியாகக் கசிந்து, அதன் இரும்பு மூளைமேல் படிந்திருந்தது. பின்னால் மான்ட்ரியாலில் ராஸ்முஸன், ஒரு பகுதியை உள்ளேயே விட்டு இணைப்பை மட்டும் துண்டிக்கும் முறைக்கு மாறினார்.

எனக்கு உறுத்துவது நடுவில் போன வருஷங்கள். "தலை வலிக்குதும்மா" என்ற பிள்ளைக்கு அப்போது என்ன பதில் கிடைத்திருக்கும்? காரணம் கிடைக்கும்வரை வலியை நம்பாமல் இருக்க நமக்கு உரிமை உண்டா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஆபீசில் "எங்க மெஷின்ல வரலையே" என்று எத்தனை டிக்கெட்டை மூடியிருக்கிறேன். அதில் ஒன்று, எட்டு மாதம் கழித்து, அதே ஆளிடமிருந்து மறுபடி வந்தது.