நெஞ்சின் நேர்மையை அளப்பது எது?

மனச்சான்றே மனிதனுக்கு இறுதி நீதிமன்றம் என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றோம். பிறர் பழித்தாலும் தன் நெஞ்சறியக் குற்றம் இல்லையெனின் அஞ்சாது நிற்கலாம் என்பது நல்லோர் பலரின் துணிபு. ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. அந்நெஞ்சே சற்றுக் கோணியிருப்பின் அதனை எடுத்துக் காட்டுவது எது? கோணிய நெஞ்சும் தன்னை நேரென்றுதானே கூறும்?

வானியலார் தம் பெருந்தொலைநோக்கிகளை நேர்படுத்தும் முறை இவ்வினாவிற்கு விடைகாண நமக்குத் துணை செய்யும்.

வாணியம்பாடிக்கு அருகே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுடைய ஆடியைக் கொண்ட தொலைநோக்கி ஒன்று உள்ளது. அதற்காகக் கனவு கண்டு உழைத்த அறிஞர் வைணு பாப்பு, பணி நிறைவுறுமுன் 1982-இல் மறைந்தார். 1986-இல் அக்கருவி அவர் பெயரைத் தாங்கி நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பெற்றது. இத்தகைய கருவியில் பெரிய குழியாடி விண்ணொளியைத் திரட்டி மேலே அனுப்பும். அங்குள்ள சிறிய குவியாடி அதனைத் திருப்பி, பெரிய ஆடியின் நடுத்துளை வழியே கீழிறக்கும். இரண்டு ஆடிகளின் அச்சுகளும் ஒரே கோட்டில் அமைதல் வேண்டும். சிறிதே பிறழினும், புள்ளியாகத் தோன்ற வேண்டிய விண்மீன் வால்வெள்ளிபோல் ஒருபுறம் இழுபட்டுத் தோன்றும்.

இப்பிறழ்ச்சியை எங்ஙனம் அறிவர்? இறுதிச் சோதனைக்கு விண்மீன் ஒன்றையே சான்றாக அழைப்பர். குவியத்தைச் சற்று மாற்றினால் அம்மீன் ஒளிவளையமாக விரியும். நடுவே சிறிய ஆடியின் நிழல் கரும்பொட்டாக நிற்கும். பொட்டு நடுவிலிருந்து விலகியிருப்பின், திருகினைச் சிறிது திருப்புவர்; மீண்டும் விண்மீனைப் பார்ப்பர்; மீண்டும் திருப்புவர். ஒருமுறை செய்து முடித்தோம் என்று ஓய்ந்திருக்கவும் இயலாது. கருவி சாயுந்தோறும் தன் எடையால் வளையும். வெப்பமும் குளிரும் அதனை விரித்துச் சுருக்கும். நேர்மை நாள்தோறும் காக்கப்பட வேண்டியது என்பதற்கு இதனினும் நல்ல உவமை உண்டோ?

ஏறத்தாழ இதே அளவான, 2.4 மீட்டர் ஆடியுடைய ஹப்பிள் தொலைநோக்கி 1990-இல் விண்ணிற்குச் சென்றது. அது அனுப்பிய படங்களோ மங்கலாக இருந்தன. ஆடியின் விளிம்பு, தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ 50-இல் ஒரு பங்கு தட்டையாகிவிட்டிருந்தது. ஆடியின் வளைவைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் பிசகியிருந்ததே காரணம். வேறிரண்டு கருவிகள் பிழையைச் சுட்டியிருந்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று கருதி அவற்றின் சான்றைத் தள்ளிவிட்டனர். கோணிய கருவியோ ஆடி குறையற்றது என்றே சான்று பகர்ந்தது.

நமது அலுவலக வாழ்விலும் ஒருவர் எழுதிய கணக்கை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. எழுதியவர் நாணயமற்றவர் என்பது அதன் பொருளன்று. எழுதிய கண் தன் பிழையைக் காணாது கடந்துவிடும் என்பதே அதன் பொருள். கணக்கிற்கு உரிய இவ்விதி நெஞ்சிற்கும் உரியதன்றோ?

ரங்கத்திலிருந்து படகேறி வந்து சேரும் லாங் ஐலண்ட் போன்ற சிறு தீவில் வாழும் நமக்கு இவ்வினா மிக நெருங்கியது. இங்கே எல்லோரும் எல்லோரையும் அறிவர். அவ்வறிமுகம் அன்பை வளர்க்கின்றது; ஒரே கோணலைப் பலர் பகிர்ந்துகொள்ளவும் இடம் தருகின்றது. பல மொழியினர் கலந்து வாழும் அந்தமானில் ஒரு பூசல் எழுந்தால், நம் மொழியினர் பதின்மரைக் கேட்டு, பதின்மரும் நம் பக்கமே என்று மகிழ்தல் எளிது. அஃது ஒரே அளவுகோலால் பத்து முறை அளப்பதற்கு ஒப்பாகும். வேற்றுமொழி அண்டை வீட்டார் சொல்வதும், விதிநூல் அறியாக் கடைநிலை ஊழியர் முறையிடுவதும் துல்லியமற்றவை என ஒதுக்கத்தக்கவை போலத் தோன்றலாம். ஹப்பிளில் உண்மை சொன்னவை அத்தகைய கருவிகளே.

அங்ஙனமாயின், எவர் குறை கூறினும் தலைவணங்க வேண்டுமோ? வேண்டா. விண்மீன் நம் விருப்பு வெறுப்பை அறியாது. ஆதலின் அது சான்றாகின்றது. அதுபோல, நம் தயவை நாடாதவர் சொல்லையும், நம் தீர்ப்பால் இழப்பை ஏற்பவர் சொல்லையும் கேட்ட பின்னரே நெஞ்சின் தீர்ப்பை நம்புதல் தகும். நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கிய வள்ளுவரும், அக்கோல் முன்னர்த் தான் சமனாக நிற்றல் வேண்டும் என்றே காட்டினார்.

ஹப்பிளின் கதை குறையோடு முடியவில்லை. பிழை இன்னதென்றும் இத்துணையதென்றும் நுட்பமாக அறியப்பட்டமையால், அதற்கு நேரெதிரான திருத்தம் அமைந்த ஒளியியற் கருவிகளை 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் பொருத்தினர், படங்கள் தெளிந்தன. கோணலை அளந்தறிய ஒப்பும் நெஞ்சிற்கும் அத்தெளிவு கிட்டும். அளக்க வருபவரை வாயிலிலேயே தடுத்து நிறுத்தாதிருத்தல் நம் கடன்.