ஐந்து பவுன் நாக்கு

நாவுக்கு விலை உண்டோ? உண்டு என்றது இங்கிலாந்தின் சட்டம். எவ்வளவு? ஐந்து பவுன்! ஐந்தே பவுன்!

1992-ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலின்போது, ஹாலிஃபாக்ஸ் நகரில் 25,000 துண்டறிக்கைகள் வழங்கப்பட்டன. வழங்கச் செய்தவர் ஃபிலிஸ் போமன் அம்மையார். கருக்கலைப்பை எதிர்க்கும் சங்கமொன்றின் நிர்வாகி. அப்பிரச்சினையில் வேட்பாளர்களின் கருத்து இன்னதென எடுத்துக் கூறிற்று அவ்வறிக்கை. அம்மையார் தேர்தலில் நிற்கவில்லை, பதவி கேட்கவில்லை. எனினும் வழக்கு வந்தது! வேட்பாளரின் ஒப்புதலின்றி, அவர் வெற்றிக்கென வெளியார் ஐந்து பவுனுக்கு மேல் செலவிடுவது, 1983-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி குற்றம். நகராட்சித் தேர்தலுக்கும் அதே விலங்குதான். சம்மன் காலங்கடந்து பிறந்ததால் அம்மையார் விடுதலையானார்.

அம்மையாரின் கொள்கை நமக்கு உடன்பாடன்று. கருத்தடை என்ற சொல்லே பாவமெனப்பட்ட நாளில் அதனை மேடையேற்றிய பெரியாரின் வழி வந்தோர் நாம். மாற்றார் வாய் கட்டப்பட்டதே என மகிழலாமா? நமக்கு வேண்டும் உரிமை, பிறர்க்கு வேண்டாம் என்பது வைதீகத்தின் வாதமன்றோ! பேசட்டும் அம்மையார், மறுத்துரைப்போம் நாம்.

சட்டத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பணநாயகத்தை அடக்கவே 1883-இல் வேட்பாளரின் செலவுக்கு வரம்பு கட்டினர். வேட்பாளர் கையைக் கட்டிவிட்டு, மைத்துனர் மடிச்சீலையை அவிழ்த்துவிட்டால் பயனென்ன? ஆகவே 1918-இல் வெளியார்க்கும் தடை வந்தது. ஆனால் அத்தடை பத்திரிகை முதலாளியைத் தொடவில்லை. அவர் பக்கம் பக்கமாய்ப் புகழலாம், இகழலாம். ஏழைச் சங்கம் துண்டுத்தாள் அடித்தால் குற்றம்! இந்த ஓரவஞ்சனையே நம்மை உறுத்துகிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 1998 பிப்ரவரி 19-இல், ஐந்து பவுன் வரம்பு பேச்சுரிமையை மீறுவது எனத் தீர்ப்பளித்தது. நீதிபதிகளில் 14 பேர் ஒருபுறம், 6 பேர் மறுபுறம்.

அறநிலையங்களுக்கு வேறொரு கட்டு உண்டு. வரிச்சலுகை பெறும் அவை, எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதரவு திரட்டலாகாது. இது சரியே என்போம். அச்சலுகையின் சுமையில் எதிர்க்கட்சிக்காரனுக்கும் பங்குண்டு. அவன் காசில் அவனையே தோற்கடிப்பது முறையோ? கொள்கை பேச மட்டும் அவற்றுக்கும் தடையில்லை. சிக்கல் அதன் பிறகுதான். படிப்பகத்தை மூடாதே என்று ஒரு சங்கம் எழுதுகிறது. மூடேன் என்பவர் ஒரே வேட்பாளர். அந்தத் தாள் படிப்பகத்துக்கா, அவருக்கா? எழுதியவர் நெஞ்சைத் திறந்து பார்க்கும் கருவி எந்த நீதிமன்றத்திலும் இல்லை. எனவே நெஞ்சை விடுத்துக் கணக்கைக் கேட்பதே நேர்மை எனக் கருதுகிறோம். அச்சிட்டவர் யார், பணம் தந்தவர் யார் என்று தாளிலேயே இருக்கட்டும். பெயர் போட அஞ்சுவோர் எதற்கு அஞ்சுகிறார் என்பதை வாக்காளர் எடைபோடட்டும்.

தீர்ப்புக்குப் பின் வந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம், பாராளுமன்றத் தொகுதிக்கு வரம்பை 500 பவுனாக உயர்த்திற்று. உள்ளாட்சிக்கோ 50 பவுனும், வாக்காளர் ஒருவருக்கு அரைப் பென்னியும்! பதினாயிரம் வாக்காளர் உள்ள வட்டத்தில் மொத்தம் 100 பவுன். தலைக்கு ஒரு பென்னி. அஞ்சல் தலைக்கும் ஆகாது அத்தொகை. படிப்பகத்தைக் காக்க முனைவோர், தாள்களைத் தோளில் சுமந்து தெருத்தெருவாய் நடக்க வேண்டியதுதான்.