மருந்தும் ஊதியமும்

நோய் தீர்க்கும் பொருளை விற்று ஊதியம் பெறுதல் அறமாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. உழைப்பிற்குப் பயன் கொள்ளுதலை அறநூலார் விலக்கிற்றிலர். ஆதலின் மருந்து வணிகர் ஊதியம் கொள்ளுதல் தானே குற்றமாகாது. எந்நோய்க்கு மருந்து தேடுவது, எந்நோயைக் கைவிடுவது என்பதையும் அவ்வூதியமே வரையறுக்குமாயின் விளைவது யாது என்பதே வினா.

இதற்கு ஆப்பிரிக்காவின் உறக்கநோய் தக்க சான்றாம். செட்சி என்னும் ஈயின் கடியாற் பரவும் இந்நோய், மருந்தின்றேல் பெரும்பாலும் உயிரைக் கொள்ளும். 1949 முதல் அதற்கு வழங்கிவந்த மெலார்சொப்ரால் பாடாணச் சேர்க்கையுடையது. அதனைப் பெற்ற 100 பேருள் ஏறத்தாழ 5 பேர் அம்மருந்தினாலேயே மாண்டனர். புற்றுநோய்க்கென ஆக்கப்பட்ட எஃப்லார்னித்தீன் உறக்கநோயை நீக்குமெனத் தெளியப்பட்டு, 1990-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. ஆயினும் கொள்வோர் வறியராதலின், ஊதியமின்மை கருதி அதன் ஆக்கம் சில்லாண்டுகளில் நிறுத்தப்பட்டது. 2000-இல் அதே சரக்கு, மகளிர் முகத்து மயிர் வளர்ச்சியைத் தடுக்கும் பூச்சாக ஒப்புதல் பெற்றது. உயிர் காத்தற்கு விலைபோகாதது ஒப்பனைக்கு விலைபோயிற்று!

அற்றேல், "ஊதியமின்றி ஆராய்ச்சிக்குப் பொருள் எங்ஙனம் வரும்? ஒரு மருந்து வெல்லுமுன் பல தோற்கின்றன. அத்தோல்விகளின் செலவை ஏற்பார் யார்?" எனின், அது புறந்தள்ளத்தக்க தடையன்று. பொருளின்றி ஆராய்ச்சி இல்லை. ஆயின் அதனாற் பொருள் வேண்டும் என்பது பெறப்படுமேயன்றி, நோயாளியின் கைப்பொருளே அதற்கு ஒரே ஊற்று என்பது பெறப்படாது.

அது பின்னிகழ்ந்தவற்றாற் புலனாம். 2001-இல் அவென்டிஸ் நிறுவனம், உலக சுகாதார நிறுவனத்தோடு உடன்பட்டு, 5 ஆண்டுக்கு அம்மருந்தை நன்கொடையாக அளிக்க இசைந்தது. 2003-இல் ஜெனீவாவில், புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கென ஊதியம் கருதாத ஆராய்ச்சி அமைப்பொன்று தோன்றிற்று. முன்னர்க் கைவிடப்பட்டிருந்த ஃபெக்சினிடசோல் என்னும் மருந்தை அது மீட்டெடுத்து, அரசுகளும் அறநிலையங்களும் ஈந்த பொருளால், சனோஃபி நிறுவனத்தொடு கூடி ஆராய்ந்தது. அம்மாத்திரை 2018-இல் ஐரோப்பிய மருந்து முகமையின் ஏற்பைப் பெற்றது. நோயாளரைத் தேடிக் கண்டு மருந்தளித்த பல்லாண்டுப் பணியால், 1998-இல் ஏறத்தாழ 40,000 ஆகப் பதிவான நோயாளர் தொகை, 2018-இல் 1,000-க்குக் கீழ் இறங்கிற்று.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின், வணிகர் மருந்தை விற்க. ஆயின் எவ்வுயிர் காக்கத்தக்கது என்னும் தேர்வை அவர்தம் கணக்கேட்டிற்கு விடுதல் ஒவ்வாது. அத்தேர்வு உலகத்தார்க்கும் அரசுகட்கும் பொதுக்கடன். ஈகை, ஈவானது உள்ளம் மாறின் நின்றுபோம். கடன் அங்ஙனம் நிற்றற்குரியதன்று. ஆதலின் இன்றியமையா மருந்தாராய்ச்சியை ஈகையின்பாற் படுத்தாது கடனின்பாற் படுத்தலே அறமாம் என்க.